கல்லறைகளுக்குப் போட்ட கோடி

எல்லாம் நான் அப்போதே சொன்னபடிதான் நடந்திருக்கிறது. அந்தக் கல்லறைத் தோட்டத்தை யாராலும் அசைக்க முடியாது என்று சொன்னேனா இல்லையா? இன்று காலை புதுப் பனியனைத் தலைவழியாக இழுத்தபோது வெளுப்புத்தூள் வாடை மூக்கில் ஏறியது. உன் நினைவு வந்துவிட்டது. நேரே அங்கே நடந்தேன். சுற்றுச்சுவர் எழுப்பியிருக்கிறார்கள். நீ காவல் இருந்த வாசலோர வீட்டில் இப்போது உன் பெரிய மருமகன் இருக்கிறான்.

அந்த இடத்தின் சரித்திரத்தை என்னைப் போலச் சொல்ல ஆளில்லை. முதலில் ரயில் பாதை போட வந்த வெள்ளைக்காரர்கள் சிலரைப் புதைத்த மேடு அது. பெரிய சண்டையின்போது பக்கத்தில் பட்டாளம் முகாம் போட்டது. அப்புறம் கற்கள் வரிசை வரிசையாக முளைத்தன. வெள்ளைக்காரன், கூர்க்கா, நம் பக்கத்துப் பையன்கள், எல்லாரும் ஒரே உயரக் கல்லுக்கு அடியில். பார்க்க வருகிறவர்களிடம், ஒவ்வொருவனும் பத்துப் பேரை வீழ்த்திவிட்டுத்தான் விழுந்தான் என்று அளப்பேன். நீ பின்னால் நின்று, "காய்ச்சலுங்க. முக்காவாசிப் பேரு காய்ச்சல்ல போனவங்க" என்பாய். என் கதையைக் கவிழ்ப்பதில் உனக்கு ஒரு சந்தோஷம்.

அறுபதுகளில் ஓர் ஐப்பசி. அடைமழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. என் சலவைப் பட்டறையில் வெளுத்த பனியன் துணி மலையாகக் கிடந்தது. காயப்போடும் களமோ முழுக்கச் சேறு. உன் தோட்டத்தில்தான் மழை கழுவிவிட்ட கற்கள் இருந்தன. அவற்றின் மேல் காயப்போட உன்னிடம் கேட்டேன்.

"வேண்டாமப்பா" என்றாய். "கல்லு மேல அழுக்குப் பட்டாலே வேலைய விட்டுப் போகோணும்னு சொல்லியிருக்கறாங்க. ரெண்டு பொண்ண வெச்சுக்கிட்டு நான் எந்த ஊட்டுக்குப் போவேன்?"

"ஆபீசர் வர்றது தை மாசம். நாஞ் சொன்னாச் சொன்னதுதான்."

கடைசித் துணியை விரித்துக்கொண்டிருந்தேன். ஜீப் வந்து நின்றது. பட்டாளக் கல்லறைகளைப் பார்வையிடும் அதிகாரி, மெட்ராஸ்காரர். எந்தக் கல்லிலும் ஒரு பெயர்கூடத் தெரியவில்லை. எல்லாம் வெள்ளைத் துணி.

"என்ன இது?"

உன்னைப் பார்த்துத்தான் கேட்டார். கலெக்டரிடமே வாதாடக்கூடியவன் நான். ஐந்தாவதோடு படிப்பு நின்றால் என்ன? முன்னால் போனேன்.

"கோடிங்க சாமி."

"கோடியா?"

"எங்க பக்கம் செத்தவங்களுக்குப் பொறந்த ஊட்டுல இருந்து புதுத்துணி கொண்டாந்து போத்தோணுமுங்க. இவுங்களுக்கு ஆரும் வரலீங்களே. அதுதான் ஊர்ல இருந்து நாங்க போடறமுங்க."

அவர் குனிந்து ஒரு துணியைத் தொட்டார். "ஈரமா இருக்கே?"

"நனைச்சுத்தான் போடோணுமுங்க."

துணியின் முனையைத் தூக்கினார். நீல மையில் கம்பெனி முத்திரை. "இது?"

"கோடி எடுத்துக் குடுத்தவங்க பேருங்க."

அவர் துணியை இன்னும் மேலே தூக்கி, கல்லில் வெட்டியிருந்ததைப் படித்தார். "பத்தொன்பது வயசு" என்றார். துணியை மெதுவாகப் பழையபடி இழுத்துவிட்டார். தொப்பியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னை மட்டும் ஜீப்புக்கு வரச் சொன்னார். நீ துணிகளுக்கு நடுவிலேயே நின்றாய்.

திரும்பி வந்து உன்னிடம் சொன்னேன்: "இந்தக் காவல்காரன் இருக்கறவரைக்கும் தோட்டத்தப் பத்திக் கவலையே இல்லைன்னாருப்பா."

அந்த ஒரு வாக்கியத்தை உன் இரண்டு சம்பந்திகளிடமும் சொல்லிவிட்டாய். ஒவ்வொரு ஐப்பசியிலும் பட்டறைக்கு வந்து, "இந்த வருசத்துக் கோடி எங்கப்பா?" என்று நின்றாய். நான் சொன்ன பொய்யை நீ முறையாகவே ஆக்கிவிட்டாய். இப்போது உன் கல்லுக்கும் சேர்த்துத்தான் துணி எடுக்கிறேன்.

ஆனால் அன்று அவர் உன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அது நானாகச் சேர்த்தது. ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் அவர் கேட்டது ஒன்றுதான்: "சாயங்காலத்துக்குள்ள காய்ஞ்சிடுமா?"