தொட்டியிலிருந்து தூக்கிய கை

யார்க் நகரில் இருக்கும் என் மகள் ஏவிஸுக்கு, ஹெத்தல்பியிலிருந்து உன் அப்பன் ஹேமோ, ஆண்டவர் பெயரைச் சொல்லி அனுப்பும் சேதி.

உடம்பு பரவாயில்லை. நம் பங்குச் சாமியாரிடம் சொல்லி எழுத முடியாத விஷயம் என்பதால், இந்தப் பக்கம் வந்த ஒரு துறவியைப் பிடித்து எழுத வைக்கிறேன். பாவசங்கீர்த்தனம் கேட்டதுபோல் மனதோடு வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

கோயிலின் வடக்குச் சுவரை இடித்துக் கட்டுகிறார்கள். ஞானஸ்நானத் தொட்டியை மட்டும் அசைக்கவில்லை. என் பாட்டன் காலத்தில் கூரை எரிந்து விழுந்தபோதும் அது நின்ற இடத்திலேயே நின்றது. விளிம்பில் இருக்கும் கறுப்பு அந்தத் தீயில் வந்ததுதான். மந்திரிக்கிறவர்கள் தண்ணீரைத் திருடுகிறார்கள் என்று இப்போது மூடிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள்.

உன் கொழுந்தன் ரெனால்டு ஆயரின் விசாரணைக்காரரிடம் புகார் கொடுத்துவிட்டான். உன் புருஷன் தர்ஸ்டனின் மூத்த தாரத்து மகள் சிசிலியைத் தொட்டியிலிருந்து தூக்கிய ஞானத்தாய் நீதான், பிள்ளையின் தகப்பனை ஞானத்தாய் கட்டிக்கொண்டது திருச்சபைச் சட்டப்படி செல்லாது என்கிறான். செல்லாது என்று தீர்ப்பானால் நீ தர்ஸ்டனை விட்டு வரவேண்டும். உன் மகன் முறைகெட்டுப் பிறந்தவன் ஆவான். ஆற்றோரத்து நிலம் ரெனால்டுக்குப் போகும். அவன் கண் அதில்தான்.

சிசிலிக்கு ஞானஸ்நானம் கொடுத்தது லூசியாள் திருநாளுக்கு மறுநாள். ஆற்றில் வெள்ளம், ஞானத்தாயாக வரவேண்டிய மில்காரர் மனைவி அக்கரையில் நின்றுவிட்டாள். பிள்ளை நீலம் பாரித்துக் கிடந்தது. வெந்நீர் சுமந்து வந்த எனக்குப் பின்னால் நீ துணியோடு நின்றாய். சாமியார், "யாராச்சும் ஒருத்தி தூக்குங்கம்மா, பிள்ளை போயிடப் போகுது" என்றார். நீ தூக்கினாய். அன்று அங்கே இருந்த மற்றவர்களைக் கொள்ளைநோய் கொண்டுபோய்விட்டது. சாட்சி என்று மிஞ்சியது நான் ஒருவன்.

ரெனால்டு சாராயக்கடையில் எல்லார் முன்னாலும் என் தோளில் கைபோட்டுச் சொன்னான்: "பெரியவரே, நீங்க மறக்கிற ஆளா? எந்த மழைக்கு எந்த மாடு கன்னு போட்டுச்சுன்னு சொல்ற ஆளாச்சே. தொட்டி மேல கைய வச்சு உள்ளதச் சொல்லுங்க, போதும்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறந்துவிட்டது என்று நான் சொன்னால் இந்த ஊரில் ஒரு நாய்கூட நம்பாது, ஏவிஸ்.

அதனால் அறுவடை முடிந்ததிலிருந்து மறந்துகொண்டு வருகிறேன்.

முதலில் புதுச் சாமியாரைச் செத்துப்போனவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பிறகு அடுத்தவன் வீட்டுக்குள் போய் அடுப்படியில் உட்கார்ந்தேன். சாராயக்கடை ஈடித்திடம், என் பெண்டாட்டி எங்கே என்று உன் அம்மாவைக் கேட்டேன். "அவதான் போய்ச் சேந்துட்டாளே, மாமா" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றைக்குத்தான் ஊர் நம்பத் தொடங்கியது.

போன வாரம் கொல்லன் மகன் வந்தான். அவனுக்கு வயது வந்துவிட்டது என்று யாராவது சத்தியம் செய்தால்தான் தகப்பன் நிலம் கைக்கு வரும். தொட்டித் தண்ணீர் உறைந்து, நான் சுத்தியலால் உடைத்த காலையில் அவனுக்குப் பெயர் வைத்தார்கள். நேற்று நடந்ததுபோல் இருக்கிறது. "நீ யாரு தம்பி?" என்றேன். அவன் திட்டக்கூட இல்லை. என் சட்டைக் கயிற்றை முடிந்துவிட்டுப் போனான்.

யாரிடமும் பழைய கதை பேச முடிவதில்லை. ஒரு பெயர் நாக்கு நுனிக்கு வந்தால் விழுங்கிவிடுகிறேன். தவக்காலத்துக்கு முன்னால் விசாரணை. தொட்டி மேல் கை வைத்து, நினைவில்லை என்பேன். கிழவன்தானே என்று விட்டுவிடுவார்கள். ஆண்டவர் அப்படி விடுவாரா என்று இந்தத் துறவியிடம் கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார், பிறகு எடுத்துக்கொண்டார்.

தீர்ப்பு உன் பக்கம் வந்தாலும் ரெனால்டு சும்மா இருக்கமாட்டான். என்னைக் கவனித்துக்கொண்டே இருப்பான். உன் அப்பனுக்குப் புத்தி போய்விட்டது, ஒரு தடவை முகம் காட்டிவிட்டு வா என்று உனக்கு ஆள் விடுவான். வந்துவிடாதே, அம்மா. பேரனைக் கூட்டிக்கொண்டும் வராதே. நீ வாசலில் வந்து நின்றால் நீ யார் என்று நான் உன்னைக் கேட்கவேண்டியிருக்கும். மற்ற எல்லாரிடமும் கேட்டுவிட்டேன். அதை உன்னிடம் மட்டும் கேட்க வைக்காதே.

சிசிலியையும் சின்னவனையும் ஆண்டவர் காக்கட்டும். உன் வீட்டில் விளக்கு எரியட்டும்.

அப்பன் ஹேமோ, தன் கையால் போட்ட சிலுவைக் குறி.