நான்கு மோல் தண்ணீர்

அன்பு மச்சானுக்கு,

நீங்கள் போய் ஐந்து மாதமாகிறது. காரியத்துக்கு வந்தவர்கள் உங்களைத் தங்கமான மனிதர் என்றார்கள். நான் பந்தல் ஓரத்தில் உட்கார்ந்து புரோப்பேன் கணக்கை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வேதியியல் விடைத்தாள் திருத்தும் முகாமை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நீங்கள் தலைமைத் தேர்வாளர். உங்களுக்குக் கீழே திருத்துபவர்களில் நானும் ஒருவன். இருபத்தைந்து டிகிரியில் ஒரு மோல் புரோப்பேன் முழுமையாக எரிந்தால் வெளிவரும் வெப்பம் என்ன என்று ஒரு கேள்வி. எரிந்த பின் மிஞ்சுவது மூன்று மோல் கார்பன் டை ஆக்சைடு, நான்கு மோல் தண்ணீர். அந்த வெப்பநிலையில் தண்ணீர் திரவம். விடை 2220 கிலோ ஜூல். உங்கள் விடைக்குறிப்போ தண்ணீரை ஆவியாக வைத்து 2044 என்றது. எழுந்து சொன்னேன்.

"மாப்ள, வீட்டுல போயி கேஸ் அடுப்பப் பத்த வச்சுப் பாரு. தண்ணியாவா சொட்டுது?" என்றீர்கள். அறையே சிரித்தது. "அக்கா புருசன்கிட்டயே கணக்கு காட்றீகளாண்ணே?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

அடுப்புக்கு உங்கள் எண் சரிதான். கேள்வி அடுப்பைப் பற்றியதல்ல. அன்று மாலை வரை, சரியாக எழுதிய பிள்ளைகளின் விடைகளை என் கையாலேயே சிவப்பு மையில் அடித்தேன். அத்தோடு உங்களிடம் பேசுவதை நிறுத்தினேன். பொங்கலுக்கு உங்கள் வீட்டுக்கு வந்தபோதுகூட உங்கள் முகம் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனேன்.

போன வாரம் அக்கா ஒத்தக்கடை வீட்டுக்குக் கூப்பிட்டு, உங்கள் புத்தகங்களை எடுத்துப்போகச் சொன்னாள். அவற்றோடு உங்கள் பாடக்குறிப்பு நோட்டும் இருந்தது. முகாமுக்கு அடுத்த ஆண்டுப் பாடத்தில் அதே கணக்கு. 'நீர் – திரவம். விடை 2220.' அடியில் இரண்டு கோடு.

வகுப்பு முழுவதற்கும் சொன்னதை என் ஒருவனிடம் சொல்ல எது தடுத்தது?

அக்காவிடம் நோட்டைக் காட்டினேன். "அந்த வருசம் அவுக உனக்கு ரெண்டு மூணு தடவ போன் போட்டாக. நீ எடுத்தியாடா?" என்றாள்.

எடுக்கவில்லை.

"எதுக்குக் கூப்பிட்டாராம்?"

"எனக்கென்ன தெரியும். நீ எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

கோபம் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். வரும் முகாமில் தலைமைத் தேர்வாளர் நாற்காலி எனக்கு. என் விடைக்குறிப்பு தப்பு என்று ஒருவர் எழுந்தால், எனக்கு ஆகாதவராகவே இருந்தாலும், எல்லோரையும் பேனாவைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டுக் கணக்கை முதலிலிருந்து போடுவேன். தப்பு என்னுடையதென்றால், அந்த அறையிலேயே, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்.

இப்படிக்கு,
போனை எடுக்காத உங்கள் மாப்ள
பழங்காநத்தம்