மாடி வெளிச்சம்

9.6.97, திங்கள்

இன்றும் உள்பாவாடை. நாளைக்கும் உள்பாவாடைதான்.

தி. நகரில் பெரிய பட்டுக் கடையில் தங்கச்சிக்கு வேலை என்று சிந்தாதிரிப்பேட்டையில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார் நாகராஜ் அண்ணன். நான் தரைக்குக் கீழே உட்கார்ந்து உள்பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருக்கிறேன்.

மாடியில் பட்டு, நடுவில் நூல் சேலை, கீழே நாங்கள். ஆட்களையும் அப்படியே அடுக்கியிருக்கிறார் முதலாளி அய்யாதுரை அண்ணாச்சி. பால் நிறம் மாடி, டீ நிறம் நடு, டிகாஷன் நிறம் கீழே. நான் டிகாஷன். மூடும் நேரத்தில் புடவை மடிக்க மட்டும் என்னை மாடிக்குக் கூப்பிடுவார்கள். மடித்து மடித்தே எந்தப் பட்டு எந்தத் தறி என்று தொட்டுச் சொல்வேன். யார் கேட்கிறார்கள்?

இரண்டு வருடமாகக் கேட்பதை இன்று மறுபடி கேட்டேன், என்னையும் பட்டில் போடுங்கள் என்று.

"மாடி லைட்டு உனக்கு ஒத்து வராதும்மா" என்றார் அண்ணாச்சி.

லைட்டு என்ன, மாத்திரையா, ஒத்து வராமல் போக? சொன்னவர் என்னைவிட ஒரு சுற்று கறுப்பு. அவர் மட்டும் எந்த வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறாராம்? கல்லாப்பெட்டி வெளிச்சத்தில். அது எல்லா நிறத்துக்கும் ஒத்து வரும் போலிருக்கிறது.

14.6.97, சனி

முகக் கிரீம், ஆறாவது வாரம். வெளுத்தது தலையணை உறை மட்டும்.

"இன்னா தேவானை, பொங்கலுக்கு செவுத்துக்கு அடிக்கிற மாதிரி அட்ச்சிக்கினு கீறே?" என்றார் அண்ணன். டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இன்னும் பாதி இருந்தது. வயிறு எரிகிறது.

26.6.97, வியாழன்

பதவி உயர்வு! உள்பாவாடையோடு கூட, திரும்பி வரும் புடவைகளை மாற்றிக் கொடுக்கும் கவுண்டரும் இனி எனக்குத்தான். அதுவும் கீழேதான். புடவை பிடிக்கவில்லை என்று வருகிறவர்களை வாங்க வருகிறவர்கள் பார்த்துவிடக் கூடாதாம்.

ஸ்ரீரஞ்சனி மத்தியானம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு என்னோடு சாப்பிட வந்தாள். மாடியில் பட்டு காட்டுகிறவள், மயிலாப்பூர். எங்கள் கடையில் வாங்க வருகிறவர்கள் புடவையைத் தங்கள் தோளில் போட்டுப் பார்ப்பது குறைவு. விற்கிற பெண்தான் தன் மேல் போட்டுக்கொண்டு திரும்பித் திரும்பிக் காட்ட வேண்டும். இவள் போட்டால் கோணியும் பட்டு மாதிரி இருக்கும். கெட்டவளாக இருந்திருந்தால் வசதி, மனசுக்குள் திட்டிக்கொண்டே சாப்பிடலாம். நல்லவளாக இருந்து தொலைக்கிறாள்.

"புடவையைப் பத்தி எனக்கு என்னடி தெரியும்? மேல போட்டுண்டு நிக்கறேன், அவ்ளோதான். எங்காத்துல பொம்மை உத்தியோகம்னு கேலி பண்றா" என்றாள்.

எனக்கு அந்தப் பொம்மை உத்தியோகம்தான் வேண்டும். வெட்கமில்லாமல் எழுதி வைக்கிறேன்.

8.7.97, செவ்வாய்

ஒரு விஷயம் கண்டுபிடித்திருக்கிறேன்.

திரும்பி வருவதெல்லாம் முகூர்த்தப் பட்டு. வாங்குவது மாப்பிள்ளை வீட்டார். கல்யாணப் பெண் கூட வருவதில்லை. "பொண்ணு எப்படிம்மா இருப்பாங்க?" என்று மாடியில் கேட்டால், எல்லா மாமியார்களும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: மாநிறம். இரண்டு வாரமாகப் பார்க்கிறேன், அந்த மாநிறங்கள் ஒவ்வொருவராகக் கீழே வந்து என் கவுண்டர் முன்னால் நிற்கிறார்கள். எல்லாம் என் நிறம்! ஒருத்தி நிறத்தில் எனக்கே அக்கா.

மாமியார்களைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. கறுப்பு என்று வாயால் சொன்னால் சம்பந்தத்துக்கு மரியாதை இல்லையாம். ஸ்ரீரஞ்சனி மேல் பார்த்து வெங்காயச் சருகு நிறத்தில் எடுத்துப் போகிறார்கள். பெண் கட்டிப் பார்த்தால் புடவையும் செத்து, முகமும் செத்து. பிளவுஸ் வெட்டாமல், ஓரத்தில் மஞ்சள் வைக்காமல் இருந்தால் மாற்றித் தருவோம். மஞ்சள் வைத்துவிட்டால் அவ்வளவுதான், அதைத்தான் கட்டியாக வேண்டும்.

இன்று ஒருத்தி அழுதேவிட்டாள். அரக்கு நிறத்தில் ஒன்று என் தோளில் போட்டுக் காட்டினேன். என்னைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். "இதே இருக்கட்டும்க்கா" என்றாள். எனக்கு ஆகாயத்தில் நடக்கிற மாதிரி இருந்தது.

17.7.97, வியாழன்

ஆடித் தள்ளுபடி தொடக்கம். கூட்டத்தில் என் இடது செருப்பு யாருடனோ போய்விட்டது.

15.8.97, வெள்ளி

சுதந்திரம் வந்து ஐம்பது வருஷம். கடை வாசலில் கொடி, ஆளுக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய். கண்ணாடி ஜன்னல் பொம்மைக்குப் பாரத மாதா வேஷம். பொம்மை ரோஸ் கலர். தொண்ணூற்றுச் சொச்சம் கோடி பிள்ளைகள் வெயிலில் கருகிக் கிடக்கிறோம், அம்மா மட்டும் ஜன்னலுக்குள் ஏ.சி.யில் சிவப்பாக.

"நாம யார் ஜாடை அண்ணாச்சி?" என்று கேட்டேன். முறைத்தார். பிறகு அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார், பார்த்துவிட்டேன்.

20.8.97, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

அண்ணாச்சி மகள் ஸ்வர்ணலதாவுக்கு அடுத்த வாரம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் முகூர்த்தப் பட்டு எடுக்க நம் கடைக்கே வந்திருந்தார்கள். ஸ்வர்ணலதாவை எனக்குத் தெரியும். அப்பா ஜாடை, அப்பா நிறம்.

நான் நாடா கோத்துக்கொண்டிருக்கும்போது படியில் செருப்புச் சத்தம். அண்ணாச்சி! இரண்டு வருடத்தில் அவர் கீழே இறங்கி நான் பார்த்ததில்லை. திரும்பி வந்த புடவைகளின் அடுக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சம்பந்தி வீட்ல வந்திருக்காவ. ஸ்ரீரஞ்சனி போட்டுக் காட்டுதா. எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார். வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "அதான் பயமா இருக்கு. இப்பமே மஞ்சள் வச்சிருவாவ. எம் பொண்ணு... மாநிறம்லா. கொஞ்சம் மாடிக்கு வாம்மா."

ஓடிப் போயிருக்கலாம். மனசு ஏற்கெனவே படியில் ஏறிவிட்டது. வாய்தான் நின்றுகொண்டது. எங்கிருந்து வந்ததோ அந்தத் தைரியம்.

"வரேன் அண்ணாச்சி. ஆனா ஏறினா எறங்க மாட்டேன்."

என்னைப் பார்த்தார். வேலை போச்சுடி தேவானை என்று நினைத்தேன். அண்ணனிடம் என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

"சரி, வா" என்றார்.

மாடியில் வெங்காயச் சருகுதான் முடிவாகியிருந்தது. சம்பந்தியம்மா மஞ்சள் கிண்ணத்தில் விரலை வைத்துவிட்டார். ஸ்ரீரஞ்சனி என்னைப் பார்த்த உடனே தன் தோளில் கிடந்ததை எடுத்து என் மேல் போட்டாள். "ஒரு நிமிஷம், இவ மேல பாருங்கோ மாமி."

சம்பந்தியம்மா பார்த்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தார். அடுத்த வரிசையிலிருந்து அரக்கில் இலைப்பச்சைக் கரை போட்டதை நானே எடுத்துத் தோளில் விரித்தேன்.

"இதுல்லா நம்ம பொண்ணுக்கு!" என்று அந்த அம்மாள் நாலு மூலையிலும் மஞ்சள் வைத்தார். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். நான் பாத்ரூமுக்குப் போய் நன்றாக அழுதுவிட்டு வந்தேன். சந்தோஷமா, கோபமா? ரெண்டும்தான். பெத்த பொண்ணுன்னா மட்டும் கண்ணு தெரியுதா?

21.8.97, வியாழன்

மாடி. லைட்டு ஒத்து வருகிறது.

2.9.97, செவ்வாய்

கீழே திரும்பி வரும் முகூர்த்தப் பட்டு பாதியாகக் குறைந்திருக்கிறதாம். ஸ்ரீரஞ்சனி கேட்டு வாங்கிக்கொண்டு பில் போடும் இடத்துக்குப் போய்விட்டாள். "ஒக்காந்துண்டு வேலை பார்க்கறது எவ்ளோ சொகம்டி!"

6.10.97, திங்கள்

தீபாவளிக்குப் புது ஆள். பெயர் ஸஹானா, மேற்கு மாம்பலம், பால்கோவா நிறம். "எங்க போடலாம்னு நீயே சொல்லு" என்றார் அண்ணாச்சி. என்னிடம் கேட்கிறார்!

"கீழே. உள்பாவாடை" என்றேன்.

அந்தப் பெண் விழித்தாள். "ஏன்க்கா, மாடில நிக்கக் கூடாதா?"

பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. "மாடி லைட்டு உனக்கு ஒத்து வராதும்மா" என்றேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மவுண்ட் ரோடு நெடுகச் சிரித்துக்கொண்டே வந்தேன். கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார். அண்ணனிடம் சொன்னேன், அவரும் சிரித்தார். சாப்பிட உட்கார்ந்தபோது சிரிப்பு வரவில்லை. அந்தப் பொண்ணு மூஞ்சியே வந்துக்கிட்டிருக்கு. எனக்கு நல்லாத் தெரிஞ்ச மூஞ்சி அது. ரெண்டு வருஷம் கண்ணாடியில பாத்திருக்கேன்.

அவளுக்குத் துணி தெரியாது, அதனால் கீழே அனுப்பினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். தெரியுமா என்று நான் கேட்கவே இல்லையே?

7.10.97, செவ்வாய்

வந்ததும் முதல் வேலையாகக் கீழே போனேன். ஸஹானா நாடா கோத்துக்கொண்டிருந்தாள், கோணல்மாணலாக.

"மாடிக்கு வா. பட்டு மடிக்கக் கத்துக் குடுக்கறேன்."

"அப்ப லைட்டு ஒத்து வருமாக்கா?"

"லைட்டுக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் கண்ணு கூசிடுச்சு."