ஏழ்துறைக் கூத்தில் உமி எறிய வேண்டாம்

நீர் வற்றாதிருக்க. சுடர் அணையாதிருக்க. குடி நலியாதிருக்க.

குவளை நாட்டின் பன்னிரண்டு கோட்டங்களையும் ஒரு குடையின் கீழ் ஆள்பவரும், வடமலைக் காவலரின் மகளும், சுடர்க்கொற்றி அம்மையின் திருவிளக்கை ஆண்டுதோறும் முதற்கண் ஏற்றும் உரிமை உடையவரும் ஆகிய நறுங்கோதைப் பெருந்தேவியாரின் திருவாணைப்படி, நீர்மாட நகரத்து ஓலைநாயகம் கீரந்தை எழுதும் ஓலை. ஏழ்துறைக் கோட்டத்துத் தலைவர் வேள் கொற்றனார் காண்க. தங்கள் மனையும், தங்கள் கோட்டமும், அதன் நடுவே ஓடும் ஆற்றின் இரு கரையும் நலமுற்று விளங்குக.

ஐப்பசி இருபதாம் நாள் தாங்கள் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. கார்த்திகை நிறைமதியன்று அம்மை கோயில் அரங்கில் வழக்கம்போல நெருப்பணைத்தாள் கூத்து நிகழவிருப்பதாகவும், தலைமைக் கூத்தருக்கு அரண்மனைப் பட்டு வேண்டும் என்றும், அரசியார் நேரில் எழுந்தருள வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். ஓலையின் அடியில், இடம் மிஞ்சியதால் சேர்த்தது போல, ஒரு வரி இருந்தது. நீர்நோன்பினர் குடியைச் சேர்ந்த வெண்ணி என்னும் பதினொரு வயதுப் பெண் படித்துறையில் கால் தவறி விழுந்து இறந்தாள், கண்டோர் நாற்பதின்மர் என்பது அந்த வரி.

பட்டுக்கு ஆணையிட வாய் திறந்த அரசியார் அந்த வரியில் நின்றுவிட்டார். ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்த நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பெண் எப்படி மூழ்குவாள் என்று கேட்டார். மறுநாள் காலையிலேயே குடையும் முரசும் இல்லாமல், இரண்டு பணிப்பெண்களோடும் ஓலை எழுத என்னோடும் ஏழ்துறைக்குப் புறப்பட்டார். தங்களுக்கு அறிவிக்காமல் தங்கள் கோட்டத்துக்குள் வந்ததைத் தாங்கள் பொறுத்தருள வேண்டும்.

இனி எழுதப்படுவது அங்கே கேட்டது. சாட்சி சொன்னவர் பேச்சைத் திருத்தி எழுதக்கூடாது, சொன்னபடியே ஓலையில் ஏற வேண்டும் என்பது அரசியார் ஆணை. ஆகவே இவ்வோலையின் நடை சில இடங்களில் வழக்கத்துக்கு மாறாக இருக்கும்.

முதலில் படித்துறையில் பூத்தொடுக்கும் செம்பி என்பவளைக் கேட்டார். அவள் தொடுத்த சரத்தைக் கீழே வைக்கவில்லை. தலை நிமிராமல் சொன்னாள்.

"நாங்க கூத்துன்னுல்ல நெனச்சோம் தாயி. புள்ளைங்க ஏழெட்டு சேந்து 'தொட்டாச்சு, கெட்டாச்சு'ன்னு பாடுதுங்க. திருவிழா வரப்போவுது, பழகுதுங்கன்னு இருந்தோம். அந்தப் பொண்ணு மொகத்துல கைய வெச்சா. கும்பிட்டா. பின்னாலயே போயி தண்ணியில விழுந்தா. அப்படியே கூத்துல வர்ற மாதிரி. எல்லாரும் கைதட்டினாங்க. நானுந்தான் தட்டினேன். எந்திரிப்பா, எந்திரிப்பான்னு பாத்துக்கிட்டே நின்னோம்."

எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று அரசியார் கேட்டார்.

"ஒரு மொழப் பூ தொடுக்குற நேரம் இருக்கும்" என்றாள் செம்பி.

கூத்தைத் தாங்கள் அறிவீர்கள். எனினும் இவ்வோலை பிற கோட்டங்களிலும் வாசிக்கப்படும் என்பதால் சுருங்க எழுதுகிறேன். நீர்நோன்பினர் விளக்கேற்றி வழிபடாதவர். பேசத் தொடங்குமுன் விரல் நுனியால் நீரைத் தொட்டுக்கொள்வது அவர்கள் வழக்கம். கூத்தில் அக்குடியைச் சேர்ந்த ஒருத்தி, நீல முகமூடி அணிந்து, ஈர விரலோடு ஊர் முழுதும் சுற்றி விளக்குகளைத் தொட்டு அணைக்கிறாள். அவளே நெருப்பணைத்தாள். அரங்க வாயிலில் ஆளுக்கு ஒரு கைப்பிடி உமி கொடுப்பார்கள். அவள் ஒரு விளக்கைத் தொடும்போதெல்லாம் மக்கள் அந்தப் பாட்டைப் பாடி உமி எறிவார்கள். இறுதியில் அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அரங்கின் முன்னுள்ள குளத்தில் விழுவாள். எல்லோரும் கைதட்டுவார்கள். பிறகு கூத்தர் எழுந்து வந்து முகமூடியைக் கழற்றி வணங்குவார். முகமூடி கழன்ற பின் உமி எறியக்கூடாது. அதுவே கூத்தின் விதி. இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒருவரும் அந்த விதியை மீறியதில்லை.

அடுத்து, அன்று படித்துறையில் அந்தப் பாட்டைப் பாடிய பிள்ளைகளை அழைத்தார். எல்லோரும் அழுதார்கள். பொன்னரி என்னும் ஒன்பது வயதுப் பெண் மட்டும் அழவில்லை. ஏதோ கணக்கு பிசகியதுபோல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். அரசியார் அவளைத் தன் அருகில் படியில் உட்கார வைத்துக் கேட்டார்.

"உமி இல்ல. அதான் மொதல்ல மண்ணு எறிஞ்சோம்" என்றாள் அவள். "பொறவு சின்னக் கல்லு. முகமூடியக் கழட்டினா நிறுத்தியிருப்போம். அவ கழட்டல."

"அவள் முகத்தில் முகமூடி இருந்ததா?"

பொன்னரி யோசித்தாள். "மொகந்தான் இருந்துச்சு. அவ கழட்டுற மாதிரி பண்ணினா. ரெண்டு வாட்டி இழுத்தா. வரல. கூத்துல விழுந்த பொறவுதான் கழட்டுவாங்க. இவ முன்னாடியே கழட்டப் பாத்தா. நாங்க, தப்பாப் பண்றா, மறுபடி பண்ணுன்னு சொன்னோம்."

அரசியார் அந்தக் குழந்தையின் தலையில் கை வைத்திருந்தார். அந்தக் கையை எடுக்கவும் இல்லை, வருடவும் இல்லை.

பின்பு வெண்ணியின் தந்தையைக் காண வேண்டும் என்றார். அவன் பெயர் தாழன். ஏழ்துறையின் படகோட்டி. மகளைப் புதைத்த மூன்றாம் நாளே மீண்டும் துடுப்பைப் பிடித்துவிட்டான். வேறு படகு இல்லை, அக்கரைக்குப் போகிறவர்கள் காத்திருந்தார்கள். அரசியாரை அரண்மனையிலிருந்து விசாரிக்க வந்த யாரோ ஓர் அம்மையார் என்றே அவன் எண்ணினான். படகில் ஏறச் சொன்னான். பேசுமுன் குனிந்து ஆற்றைத் தொட்டான்.

ஒரு படகோட்டியின் மகளுக்கு நீந்தத் தெரியாதா என்று அரசியார் கேட்டார்.

"என்னைவிட நல்லா நீந்துவா. காதுக்கு மேல கல்லடி பட்டிருந்துச்சும்மா. வலப் பக்கம். நாந்தான் கழுவினேன்."

யாருக்குத் தண்டனை வேண்டும் என்று கேட்டார்.

"புள்ளைங்கள ஒண்ணும் செய்யாதீங்க. அதுங்க பாத்ததத்தான் செஞ்சுதுங்க. நான் ஏத்திக்கிட்டு வர்ற சனமே இந்தப் படகுல உக்காந்துதான் அந்தப் பாட்டப் பாடும். வெண்ணி அந்த மூலையில உக்காந்து தண்ணி எறைச்சுக்கிட்டிருப்பா. சின்ன வயசுல அவளுஞ் சேந்து பாடுவா. நம்மளத்தான் பாடுறாங்கன்னு அவளுக்கு அப்பத் தெரியாது."

சிறிது தூரம் துடுப்புப் போட்டான். பிறகு கேட்டான்.

"நீங்க அரமணையில இருக்கறவங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்கம்மா. அந்தக் கூத்த அம்மையே எழுதினதுன்னு சொல்றாங்க. அப்படின்னா அம்மைக்கு எங்க மேல என்ன கோவம்? நாங்க எந்த வெளக்க அணைச்சோம்? போன வருசம் பூரா எம்பொண்ணு இதத்தான் கேட்டுச்சு. எனக்குத் தெரியலன்னு சொன்னேன். தெரிஞ்சிருந்தாச் சொல்லியிருப்பேன்."

அரசியார் படகு கரை தட்டும் வரையில் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது, கார்த்திகைக் கூத்தன்று அவன் அரங்குக்கு வருவானா என்று மட்டும் கேட்டார்.

"நான் எப்படி வர்றது? கூத்துப் பாக்க வர்றவங்கள அக்கரையிலேருந்து நாந்தானே ஏத்தியாரணும்" என்றான் அவன்.

அரண்மனைக்குத் திரும்பும் வழியெல்லாம் அரசியார் பேசவில்லை. அவர் ஏன் பேசவில்லை என்பதை இவ்வோலை இப்போது சொல்ல வேண்டும்.

நெருப்பணைத்தாள் கூத்தை எழுதியவர் நறுங்கோதைப் பெருந்தேவியார். அப்போது அவருக்குப் பதினேழு வயது. அடைமழையில் வெளியே செல்ல இயலாத நான்கு நாட்களில் எழுதி முடித்தார். அம்மை மேல் கொண்ட அன்பால் எழுதினார், அதில் ஐயமில்லை. ஆனால் விளக்கின் பெருமையைக் காட்ட அதை அணைக்க ஒருத்தி தேவைப்பட்டாள். பணிப்பெண்கள் சிரித்துச் சிரித்துச் சொன்ன கதைகளிலிருந்து அந்த ஈர விரலையும் நீல முகத்தையும் எடுத்துக்கொண்டார். அந்நாள் வரையில் அவர் நீர்நோன்பினர் ஒருவரையும் கண்டதில்லை. அவர்களுள் ஒருவர் பேசக் கேட்டதும் இல்லை. முடிவில் அவளைக் குளத்தில் விழவைத்தது, விழுந்தால் சிரிப்பு வரும் என்பதற்காக. வேறு காரணம் இல்லை என்று என்னிடம் சொன்னார்.

அம்மை கோயில் கூத்துகளில் எழுதியவர் பெயரைச் சொல்வதில்லை, ஏட்டில் அந்த இடம் வெறுமையாக விடப்படும் என்பது வழக்கம். அந்த வெற்றிடத்தை மக்கள் தாங்களாகவே நிரப்பிக்கொண்டார்கள். அம்மையே எழுதினாள் என்றார்கள். அரசியாருக்கு அது தெரியும். தெரிந்தும் மறுக்கவில்லை. ஆண்டுதோறும் திரைக்குப் பின்னிருந்து அந்தச் சிரிப்பைக் கேட்டு மகிழ்ந்திருக்கிறார். சென்ற ஆண்டும் மகிழ்ந்தார். சென்ற ஆண்டு முழுதும் அங்கே ஒரு பெண், அம்மைக்கு எங்கள் மேல் என்ன கோபம் என்று தன் தந்தையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்த மறுநாள் அவை கூடியது. அம்மை கோயில் வழிபாட்டை நடத்தும் திருவிளக்கு ஆசிரியர் எழுந்து, எழுதியவர் இன்னார் என்று வெளிப்பட்டால் மக்கள் அம்மையின் மற்றக் கூத்துகளையும் ஐயுறுவர், கூத்தை மட்டும் நிறுத்திவிட்டு அதன் காரணத்தைச் சொல்லாமல் விடுவதே நாட்டுக்கு நலம் என்று முறையிட்டார். அமைச்சர் பலரும் அதற்கு உடன்பட்டனர். அரசியார் அனைவரையும் பொறுமையுடன் கேட்டார். பின்பு, தாழன் கேட்ட கேள்விக்குச் சொல்ல வேண்டிய விடை தன் ஒருத்தியிடம்தான் இருக்கிறது என்றும், காரணம் சொல்லாமல் நிறுத்தினால் அம்மையின் கோபம் மட்டும் நீர்நோன்பினர் தலையில் அப்படியே நிற்கும் என்றும், ஒரு குழந்தையின் மேல் எறிந்த கல்லை அம்மையின் கையில் கொடுத்துவிட்டுத் தன்னால் அவள் விளக்கை ஏற்ற முடியாது என்றும் கூறினார்.

ஆகவே வேள் கொற்றனாருக்கு அரசியாரின் ஆணை.

தங்கள் ஓலையில் கால் தவறி விழுந்தாள் என்று எழுதியதைப் பொய் என்று அரசியார் சொல்லவில்லை. முழுமையற்றது என்றார். ஆகவே கோட்டத்து ஏட்டில் அந்த வரியை அழித்து, நடந்ததை நடந்தபடி தங்கள் கையால் எழுதுக.

பிள்ளைகளைத் தண்டிக்க வேண்டாம். அவர்களை ஒருவரும் கொன்றவர்கள் என்று சொல்லி ஏசவும் வேண்டாம். பொன்னரி என்னும் குழந்தை பின்னாளில் இதை உணரும்போது, அவள் அருகில் யாரேனும் இருக்கும்படி அவள் தாயிடம் சொல்லிவைக்க.

தலைமைக் கூத்தருக்குரிய பட்டு இவ்வோலையோடு வருகிறது. அவர் பிழை செய்தவர் அல்லர். ஆனால் இவ்வாண்டு அவர் ஆடமாட்டார். நீல முகமூடி அரண்மனைக்கு அனுப்பப்பட வேண்டும். அது அரசியாரின் அறையில், அவர் நாள்தோறும் காணும் இடத்தில் இருக்கும்.

நிறைமதி நாளின் காலையில், வேறு எவரும் கேட்குமுன், இவ்வோலை தாழனுக்கு வாசிக்கப்பட வேண்டும். அவனைத் தங்கள் மனைக்கு அழைக்க வேண்டாம். தாங்கள் குடையின்றி அவன் துறைக்குச் சென்று, அவன் படகருகே நின்று, அவன் வழக்கப்படி நீரைத் தொட்டபின் வாசிக்க. அம்மைக்கு உங்கள் மேல் கோபம் இல்லை, இருந்ததும் இல்லை என்னும் வரியை அவன் விரும்பினால் மீண்டும் வாசிக்க. அவன் எதுவும் சொல்லாமல் படகைத் தள்ளிக்கொண்டு போனாலும் அது குற்றமாகாது.

அன்று மாலை அரங்கு வழக்கம்போலத் திறக்கட்டும். அக்கரை மக்களும் இக்கரை மக்களும் வரட்டும். வாயிலில் ஆளுக்கு ஒரு கைப்பிடி உமி வழக்கம்போல் கொடுக்கப்படட்டும். எல்லோரும் அமர்ந்தபின், விளக்கேற்றி, கூத்தர் இல்லாத அரங்கின் நடுவே நின்று இவ்வோலையை முதல் வரியிலிருந்து தாங்கள் வாசிக்க வேண்டும். அரசியார் அங்கே இருப்பார். திரைக்குப் பின்னால் அல்ல, குளத்தின் படியில், மக்கள் காணும்படி அமர்ந்திருப்பார். எவரேனும் தம் கையிலுள்ளதை அவர் மேல் எறிய விரும்பினால் காவலர் தடுக்கக் கூடாது. மற்றபடி உமி எறிய வேண்டாம், கீழே கொட்டவும் வேண்டாம். அதைக் கையில் பிடித்தபடியே எழுந்து, அக்கரையினர் பிடித்தபடியே படகேறி, தாழன் துடுப்புப் போட ஆற்றைக் கடந்து, அவரவர் வீட்டு முற்றத்தில் போய்க் கையைத் திறக்கட்டும். படகில் ஒருவரும் பாட வேண்டாம்.

இவ்வோலை பன்னிரண்டு படிகளாகப் பன்னிரண்டு கோட்டங்களுக்கும் செல்கிறது. ஏட்டில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வெறுமையாக இருந்த இடம் இன்று நிரப்பப்பட்டது. இதைக் கண்டவர் கண்டபடி செய்க, கேட்டவர் பிறருக்குச் சொல்க.

ஐப்பசி முப்பதாம் நாள், நீர்மாடத்தில் எழுதப்பட்டது. எழுதியது ஓலைநாயகம் கீரந்தை. சுடர் முத்திரையை அரசியார் இதில் இட மறுத்தார். தம் பட்டங்களையும் கீழே எழுத வேண்டாம் என்றார். எழுத்தாணியை என்னிடமிருந்து வாங்கித் தாமே எழுதியது பின்வருவது.

கூத்தை எழுதியவள் நறுங்கோதை.