ஆறு மெஷின் விலையில் ஒரு மெஷின்

கூலாய் வட்டாரப் பெருமக்கள் அனைவருக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: என்னுடைய கையடக்க கேம் மெஷினின் இடது பொத்தான், நேற்று மாலை நான் பள்ளி முடிந்து வந்த வேளையில் காலமானது. இனி அதில் ஓடும் வீரர்கள் யாவரும் வலப்பக்கம் மட்டுமே ஓடுவர். மலர்வளையம் தவிர்க்கவும்.

நீ இருந்திருந்தால் இந்நேரம் திருப்புளியோடு வந்து நின்றிருப்பாய். "ஸ்க்ரூவே இல்லடா இதுல, பசை போட்டு ஒட்டி வச்சிருக்கான். தொறக்க முடியாத பொருள் உன்னோடது இல்ல, வாடகைக்கு எடுத்தது" என்று பழைய பல்லவியை ஆரம்பித்திருப்பாய்.

பள்ளியில் நாம் மூன்றாம் படிவம் படித்தபோதிருந்தே உன் போனில் இன்னொரு கேம் மெஷினின் படம் இருந்தது. ஓப்பன் சோர்ஸ். அதன் உள்ளே ஓடும் நிரல், வரைபடம் எல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம். பொத்தான் போனால் நாமே மாட்டலாம். நாமே ஒரு விளையாட்டை எழுதிக்கூட ஏற்றலாம். பார்ப்பவரிடமெல்லாம் இதைச் சொல்வாய். உன் அம்மாவுக்குப் புரியட்டும் என்று ஒருநாள் நல்ல தமிழிலேயே, "திறந்த மூலம்மா" என்றாய். ஆண்ட்டி சம்பல் கிளறுவதை நிறுத்திவிட்டு, "யாருக்கு மூலம்?" என்றார். நான் உன்னைக் கை காட்டினேன். அந்த வாரம் முழுக்க உனக்கு மிளகாயில்லாத சாப்பாடு.

விலைதான் நம் சண்டை.

"அந்தக் காசுக்கு என்னுது மாதிரி ஆறு வாங்கலாம் லா. ஒவ்வொண்ணுலயும் ஆயிரம் கேம் இருக்கு."

"ஆயிரத்துல ஒண்ணாவது நீ செஞ்சதா?"

"நாசி லெமாக் கூடத்தான் நான் செஞ்சதில்ல. தின்னாம இருக்கேனா?"

இந்த விவாதத்தில் நான் ஒருமுறைகூடத் தோற்றதில்லை என்பதை வரலாறு குறித்துக்கொள்ளட்டும். இரண்டு தீபாவளிக்கு அங்பாவ் உறைகளில் கிடைத்த பணத்தைச் சேர்த்துக்கொண்டு நீ கடைசியாக என்னைக் கேட்க வந்தபோதும், "வேணாம்டா, அந்த விலைக்குத் தகாது" என்று நான்தான் தீர்ப்புச் சொன்னேன். அந்தப் பணத்தில் சைக்கிளுக்கு இரண்டு டயரும் மாற்றி, அதிலேயே சனிக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்தாய். ஒரு மெஷின், இரண்டு பேர். நீ செத்தால் நான், நான் செத்தால் நீ. அப்போது அது வெறும் விளையாட்டின் விதி.

பிறகு உனக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தது. ஆறு நாள். ஐந்தாம் நாள் வார்டில், "நல்லாயி வந்ததும் உன் மெஷின உடைச்சுப் பாக்கப் போறேன்" என்றாய். "கைய வச்சுப் பாரு" என்றேன். உன்னிடம் நான் கடைசியாகச் சொன்னது அதுதான். எவ்வளவோ வாயாடியிருக்கிறேன், அன்றைக்கு இன்னும் கொஞ்சம் நல்லதாக ஏதாவது வந்திருக்கலாம்.

அடுத்த மாதம் உனக்கு முதல் வருஷப் படையல். போன ஞாயிற்றுக்கிழமை ஆண்ட்டி என்னைக் கூப்பிட்டார். செனாய் தொழிற்சாலையில் இரண்டு மாதமாக ஓவர்டைம் செய்கிறாராம். உன் போனை என் முன்னால் வைத்தார். அதே படம்.

"இதத்தானப்பா கேட்டுட்டே இருந்தான். இலைக்கு முன்னால வைக்கணும்னு ஆசை. உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். இவ்ளோ விலைக்குத் தகுமா? தகாதுன்னா சொல்லிடு, புதுச் சட்டையோட நிறுத்திக்கிறேன்."

என் வாய் பழக்கதோஷத்தில் 'தகாது' என்று சொல்லத் திறந்தது. அதற்குள் அவர் தொடர்ந்தார்: "படைச்சத அலமாரியில பூட்டி வைக்கக் கூடாது. அவன் வயசுப் பிள்ளை எடுத்துப் பயன்படுத்தணும். நீதான் வச்சுக்கணும்."

தகும் என்றால், ஆண்ட்டியின் ஓவர்டைமில் எனக்கு ஒரு மெஷின். தகாது என்றால், பதில் பேச முடியாத உன்னை இன்னொரு முறை தோற்கடித்தவன்.

"ரெண்டு நாள் டைம் குடுங்க ஆண்ட்டி, ஸ்பெக் பாக்கணும்" என்று அமைச்சர் தோரணையில் எழுந்தேன்.

"பாருப்பா. அவனும் உன்னைக் கேக்காம எதையும் வாங்க மாட்டான்."

இரண்டு நாளும் உண்மையிலேயே உட்கார்ந்து படித்தேன். விளையாடுவதற்கு மட்டும் என்றால் அந்த விலை அநியாயம். திரை சின்னது, கேமும் குறைவு. ஆனால் செய்து பார்க்கிறவனுக்கு அந்தக் காசு தகும். நீ செய்து பார்க்கிறவன். உன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் செம்பனைத் தோட்டமும், குலை ஏற்றும் லோரியும், அதைத் துரத்தும் குரங்குகளுமாக ஒரு விளையாட்டையே வரைந்து வைத்திருந்தாயே.

இன்று போய்ச் சொன்னேன். "தகும் ஆண்ட்டி, வாங்குங்க. ஆனா மெஷின் இங்கயே இருக்கட்டும். சனிக்கிழமை நான் வரேன். அவன் வரைஞ்சத அதுல போட்டுப் பாக்குறேன்."

ஆண்ட்டி, "எத்தனை மணிக்கு வருவ?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். எழுதவே கூச்சமாக இருக்கிறது. அது தகும் என்று எனக்கு முதல் நாளே தெரியும்டா. நீ அந்தப் படத்தைக் காட்டிய அன்றைக்கே தெரியும். அதை வாங்கிவிட்டால் சனிக்கிழமை நீ உன் வீட்டிலேயே இருந்துவிடுவாய், என் வாசலுக்கு வர மாட்டாய். எனக்கு இருந்த பயம் அவ்வளவுதான். நான் ஜெயித்த விவாதம் எல்லாம் அந்தப் பயம் போட்ட கூச்சல். நீ அதை நம்பினாய்.