மொட்டைத் தலையோடு வந்தவன்

நைனாவுக்கு, சக்திவேல் கும்பிட்டு எழுதறது. நானும் உங்க மருமக தமயந்தியும் நல்லா இருக்கோம். அம்மாவுக்கு மூச்சு வாங்கறது குறைஞ்சுதா?

கனடாவுல வந்து எறங்கனப்போ ஒரு கூத்து. திருத்தணி மலையில மொட்டை போட்டுகினு வந்தேன்ல, பாஸ்போர்ட் போட்டோவுல முடி இருக்குதேன்னு ஆபீசர் தனியா உக்கார வெச்சிட்டாரு. கூட வந்த தமயந்தி, சாமிக்கு வேண்டுதல்னு சொன்னதும் சிரிச்சிகினே விட்டுட்டாரு.

தமயந்திக்கு இது பொறந்த ஊரு. எனக்கு பி.ஆர்., அதான் இங்கயே தங்கறதுக்கான அனுமதி, வர்ற வரைக்கும் நான் விசிட்டர்தான். வெளிய போனா மறுபடி உள்ள விடுவாங்களோ என்னவோ. முடி வளந்துடுச்சு. ஆனா காலிங்பெல் அடிச்சா, ஆபீசருங்களோன்னு பயந்து நான் இன்னும் கதவு தொறக்கறதில்ல. என் பேர்ல இன்னொரு மொட்டை வேண்டிக்காதீங்க.

போன்ல பேசினா அம்மா பக்கத்துலயே இருக்குது, அதான் எழுதறேன். அது உடம்பைப் பத்தி நிஜத்தை எழுதுங்க நைனா. கிளம்பி வான்னு மட்டும் எழுதாதீங்க.

சக்திவேல்