அக்கா வகுப்பின் ஜெர்மன் பெயர்

வெண்ணந்தூர், 17-6-1940

இன்று முதல் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்கு அவமானமானாலும் மறைக்கமாட்டேன்.

முத்தக்கா பயிற்சி முடித்து வந்து எங்கள் பள்ளியில் சிறுபிள்ளைகள் வகுப்பைத் தொடங்கிவிட்டாள். பதினேழு பேர். வாசல் பலகையில் ‘கிண்டர்கார்ட்டன்’ என்று எழுதியிருக்கிறது. “வகுப்பு நின்னுதுன்னா கெங்கவல்லி மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிடுவேன்” என்கிறார் அப்பா. அக்காவைப் பெண் கேட்கும் அந்த மாப்பிள்ளைக்கு இது இரண்டாம் கல்யாணம். அவர் மகளுக்கு என் வயது.

19-6

பள்ளி அகராதியில் பார்த்தேன். அது இங்கிலீஷ் சொல்லே இல்லை, ஜெர்மன்! ‘கிண்டர்’ குழந்தைகள், ‘கார்ட்டன்’ தோட்டம். நூறு வருஷத்துக்கு முன் ஒரு ஜெர்மன்காரர் இரண்டையும் ஒட்டவைத்தாராம், நம் ‘மா’வும் ‘தோப்பு’ம் சேர்ந்து ‘மாந்தோப்பு’ ஆன மாதிரி. செடியைப் போலப் பிள்ளைகளை வளர்க்கவேண்டுமாம். எவ்வளவு அழகு! கிணற்றடியில் எல்லோரிடமும் சொன்னேன்.

20-6

வகுப்புக்கு வந்தது நான்கு பேர்.

21-6

என்னால்தான். வெள்ளைக்காரச் சர்க்காரோடு சண்டைபோடும் ஜெர்மன்காரனிடம் பாரிஸ் பட்டணம் போய்விட்டது என்று ஊரே பேசுகிறது. அந்த நேரம் பார்த்தா சொல்வேன்? தறிக்காரர் வீட்டுப் பெருமாயியக்கா, “போலீசு புள்ளைகளப் புடிச்சுட்டுப் போனா நீயா சாமி போயி மீட்டாருவே?” என்றாள். குழந்தைகள் தோட்டம் என்றுதான் அர்த்தம் என்றேன். “தோட்டமா? களை புடுங்க உடறீங்களா?” ஒரே சிரிப்பு.

அக்காவிடம் சொல்லிவிட்டேன். “அழாத. நல்ல சொல்லுதான்” என்றாள். திட்டியிருக்கலாம்.

24-6

அப்பா வெள்ளிக்கிழமை கெங்கவல்லி போக வண்டி சொல்லிவிட்டார். சம்மதம் சொல்லத்தான்.

26-6

தறிக்காரர்கள் தறியில் ஏற்றவேண்டிய பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தார்கள். வகுப்புக்கு அனுப்பாத பிள்ளைகளெல்லாம் தெருவில்தானே? துரத்தி விளையாடி, நூலுக்குள் புகுந்து ஓடி — அறுந்தது, சிக்கியது. பெருமாயியக்காவின் மகன், காலில் நூல் சுற்றி விழுந்தான். அவனை அப்படியே இடுக்கிக்கொண்டு பெருமாயியக்கா வகுப்புக்கு வந்தாள்.

“ஏனுங்க டீச்சரம்மா, செருமனியோ சீமையோ, இவன இங்கயே வெச்சுக்குங்க. இன்னும் ரண்டு நாள் ஊட்ல இருந்தான்னா தறியே மிஞ்சாது!”

பின்னாலேயே மற்ற அம்மாக்களும்.

27-6

இன்று பத்தொன்பது பேர்! அப்பா வண்டி வேண்டாமென்று சொல்லியனுப்பிவிட்டார். சாயங்காலம் வகுப்பு வாசலில் நின்று தலைகளை எண்ணினார். நான் பார்த்தேன்.

பலகையை மாற்றலாமா என்று அக்காவைக் கேட்டேன். “எதுக்கு? காலையில பெருமாயியக்கா மகன் கிட்ட என்ன சொல்லிட்டுப் போனாங்க தெரியுமா? ‘தோட்டத்துல ஒழுங்கா இரு சாமி.’”

நாளை அக்கா நேரமே எழவேண்டும். எழுதினது போதும் என்று விளக்கை அணைக்க வந்துவிட்டாள்.